பதினான்காம் பெட்டி

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்துக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்து ஓடை நெடுக இருபத்திரண்டு பெட்டிகளை நட்டவள் சுபத்திரா. ஒவ்வொன்றும் தண்ணீர் மட்டத்தை அளந்து, கீழே உள்ள பெட்டிகளில் ஒன்றுக்குச் சொல்லும். அது அடுத்ததற்கு. கடைசியில் அலுவலகத் திரைக்கு வரும். பேட்டரி நீடிக்க, தண்ணீர் ஏறினால் மட்டுமே பெட்டிகள் பேசும். திரை சும்மா இருந்தால் ஆபத்தில்லை.

மிகக் குறைந்த மின்சாரம் செலவாகும் வழியிலேயே செய்திகள் போகும்படி எழுதியிருந்தாள். அந்த வழி எப்போதும் பதினான்காம் பெட்டியைத் தொட்டே போனது: மேலே உள்ளவை எல்லாம் அதில் கூடும், அதற்குக் கீழே பல பெட்டிகளாகப் பிரியும். மாற்று வழி தேடுவதும் செலவு. அதை விட்டுவிட்டாள்.

நவம்பரில், பம்பு கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் காளியப்பன் அந்தப் பெட்டியின் விளக்கு மங்குவதாக வந்து சொன்னார். கணக்குப்படி பேட்டரி இன்னும் ஏழு மாதம் வரும் என்றாள்.

"மேல உள்ள பதிமூணும் அது தலையிலதான ஏறி உக்காந்திருக்கு, மிஸ். வேல வாங்குற எங்க மண்டோர் மாதிரி லா நீங்க. சுமக்கிறவன் மேலயே ஏத்துறது."

சுபத்திரா சிரித்தாள்.

டிசம்பரில் மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் மதியம் காளியப்பன் தொலைபேசியில் அழைத்தார். கொட்டகைக்குப் போகத் தாழ்ந்த பாலத்தைக் கடக்க வேண்டும்; அவர் வீட்டிலிருந்து பாலத்துக்கே அரை மணி ஆகும். மேலே ஏறும் தண்ணீர் பாலத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். கேட்காமல் அவர் கடப்பதில்லை.

"பெட்டி எதுவும் சொல்லலையா?"

திரை சும்மா இருந்தது.

"இல்லண்ணே. போலாம்."

அரை மணி கழித்துப் பதினைந்தாம் பெட்டி பேசியது. அவள் அவரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மோட்டார் சைக்கிள் அன்று மாலை கிடைத்தது. அவர் மறுநாள்.

தண்ணீர் வடிந்ததும் சுபத்திரா பெட்டிகளைத் திறந்தாள். பதினான்கின் பேட்டரி செத்துப் பத்து நாளாகியிருந்தது. அவள் கணக்கில் அதன் சொந்தச் செய்திகள் மட்டுமே இருந்தன. அது சுமந்த மற்றவற்றை அவள் சேர்க்கவில்லை.

பதின்மூன்றின் பதிவையும் பார்த்தாள். அவர் அழைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே தண்ணீர் ஏறுகிறது என்று அது சொல்லத் தொடங்கியிருந்தது. பதில் வரவில்லை. மறுபடி சொல்லியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு முறை.

யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்று நிர்வாகி சொல்லியிருந்தார். அவள் காளியப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி தனலெட்சுமி வாசலில் நின்றார்.

"அவர் கேட்டுட்டுத்தான போவாரு. பெட்டி ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"சொல்லிச்சு," என்றாள் சுபத்திரா. "எனக்கு வந்து சேரல. என் தப்பு."

தனலெட்சுமி அவள் காலணியில் இருந்த ஓடைச் சேற்றைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.