கழற்ற முடியாத கவுன்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் துணிக்கடையின் டிரையல் ரூமுக்குள் போன பல்லுக்காரி, பன்னிரண்டு ஆகியும் வெளியே வரவில்லை.

பல்லுக்காரி என்பது சிநேகிதிகள் வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் இடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதை நினைத்து அவளைவிட அவள் தங்கைக்குத்தான் தூக்கம் போனது. அன்று மாலை சந்திக்கப்போகும் ஆளைக்கூட, தங்கைதான் செல்போன் செயலியில் சலித்துப் பொறுக்கியிருந்தாள்.

"உள்ள என்னடி பண்ற, பிரசவமா?" என்றாள் வெளியே காவல் நின்ற நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள்.

"ஜிப்பு மாட்டிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல."

நர்ஸ் உள்ளே நுழைந்து நின்று இழுத்தாள், உட்கார்ந்து இழுத்தாள், முழங்காலை முதுகில் ஊன்றியும் இழுத்துப் பார்த்தாள். கிளிப்பச்சை கவுன் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. விற்பனைப் பெண் சோப்பு தேய்த்தும் மசியவில்லை. கத்தரிக்கோல் பேச்சு எழுந்தபோது பல்லுக்காரி கண்ணாடியைப் பார்த்தாள். தலை கலைந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்து நின்ற பெண் அப்படியொன்றும் மோசமாக இல்லை.

"வெட்ட வேணாம். இப்படியே வாங்கிக்கிறேன்."

விலைச்சீட்டு முதுகில் தொங்கியதால், கல்லாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. கல்லாக்காரர் ரொம்ப மரியாதையோடு முதுகை ஸ்கேன் செய்தார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதே கவுனோடுதான் ஐந்து மணிக்குக் காபிக் கடைக்குப் போனாள். வந்தவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் என்ஜினியர். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார், போட்டோவில் இருந்த மாதிரியே இருந்தார். இந்த இரண்டும் சேர்ந்து அமைவதே அபூர்வம். ஒருமுறை மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கல்யாண ஜோடியைப் பற்றி அவர் சொல்லிச் சிரிக்க வைத்தபோது, அவள் மனசுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கையைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். பிடிக்கவும் செய்தார். பிடித்து, அதில் தன் செல்போனை வைத்து விளக்கைப் போட்டார்.

"கீழ் வரிசை, கடைசிக்கு முந்தினது. கொஞ்சம் பாருங்களேன்."

ஆவென்று வாயைத் திறந்தார். தொழில்புத்தி விடுமா, அவளும் எட்டிப் பார்த்தாள்.

"சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கு."

"அதான் பச்சைத் தண்ணி பட்டாலே கூசுது."

அதன்பின் முக்கால் மணி நேரம் பேச்சு அந்தப் பல்லை விட்டு நகரவில்லை. போராடி வாங்கிய கவுனை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் தங்கை கூப்பிட்டாள். "எப்படிக்கா இருந்தார்?"

"மனச தொறப்பார்னு போனேன்டி. வாயத் தொறந்தார்."

தங்கை சிரித்த சிரிப்பில் அவள் புருஷன் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்பது போனில் கேட்டது.

இரவு நர்ஸ் அவளை டான்ஸ் கிளப்புக்கு இழுத்துப் போனாள். பாட்டு நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து இடித்தது. பத்து நிமிஷத்தில், தாடிக்காரன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான். லட்சணமான சிரிப்பு. முன்பற்கள் எல்லாம் அசல்.

"அக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா?"

பின்னாலேயே ஒரு பெண் நின்றாள். பல்லுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது போட்டோ எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, என்னையும் ஒண்ணு எடுங்கக்கா."

பல்லுக்காரி அவளை அடிக்கப் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் முதுகில் சர்ரென்றது. காலையிலிருந்து மூன்று பேருக்கு மசியாத ஜிப், கழுத்திலிருந்து இடுப்புவரை தானாக வாயைப் பிளந்துவிட்டது. நர்ஸ் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள்.

"வீட்டுக்குப் போலாமா?"

"எதுக்கு? இப்பதான்டி மூச்சே விட முடியுது."

கடைசிப் பாட்டு முடிந்து விளக்கைப் போடும்வரை ஆடினாள்.

ஞாயிறு மதியம் எழுந்தபோது நர்ஸ் டியூட்டிக்குப் போயிருந்தாள். போனில் என்ஜினியரின் செய்தி: "நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டு வரட்டுமா? அவங்களுக்கு ரெண்டு பல்லு ஆடுது." பல்லுக்காரி ஒரு நல்ல டாக்டரின் விலாசத்தை அனுப்பிவிட்டு, தலைக்குக் குளித்து, பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, ராத்திரி கேட்ட பாட்டைத் தேடிப்பிடித்து முழுச் சத்தத்தில் வைத்தாள். சமையலறையில் கரண்டியும் கையுமாக ஒரு சுற்று வந்திருப்பாள், கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு ரிட்டயர்டு கணக்கு டீச்சர். யாரையும் பார்த்துச் சிரித்து அறியாத மனுஷி.

"மன்னிச்சுக்கங்க டீச்சர், குறைச்சிடறேன்."

"நான் எங்க குறைக்கச் சொன்னேன்?" டீச்சர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். "கீழ பாதிதான் கேக்குது. முதல்லேர்ந்து போடு."