லோவெல் கம்ப்யூட்டரில் ஏற்றிய அம்மாவின் குரல்

லோவெலுக்குப் பெற்ற தாய் மேல் பாசமே கிடையாது என்பதை அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். மீதிப் பேருக்கு அவன் அக்கா மார்லிஸ் சொல்லியிருந்தாள். அம்மா ஆர்டிஸ் கண்ணை மூடிய மறுநாளே, இத்தனை வாயையும் அடைத்தே தீருவது என்று லோவெல் கங்கணம் கட்டிக்கொண்டான். சனிக்கிழமை அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அம்மாவின் குரலையே ஒலிக்கவிட வேண்டும். அவள் ஓயாமல் யாரிடம் பேசினாள் என்று தெரிந்துபோகுமே!

குரலுக்கா பஞ்சம்? போனை எடுக்காவிட்டால் கூப்பிடுகிறவர் பேச்சைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பதிந்தும் வைக்கிற அவன் வீட்டு ஆன்சரிங் மெஷினில் அவள் பேசிவைத்தது கேசட் கேசட்டாகக் கிடந்தது. லோவெல் ஐயா அதைப் பொத்திப் பாதுகாத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அழிப்பதைவிடப் புதுக் கேசட் போடுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கிழட்டு மெஷினில் கம்ப்யூட்டருக்கு வயர் செருக ஓர் ஓட்டைகூட இல்லை. யாரிடமாவது யோசனை கேட்டால் கௌரவம் என்ன ஆவது? மெஷினின் ஸ்பீக்கருக்கு எதிரே கம்ப்யூட்டரின் மைக்கை நிறுத்தி, பட்டனை அழுத்திவிட்டு, காபிக் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றான். மணி அடித்தால் போனை எடுக்காமல், பேசுவது யாரென்று கேட்டுக்கொண்டு வருஷக்கணக்காக நின்ற அதே இடம். புதன்கிழமை மாலை முழுக்க ஓடியது. சரியாகப் பதிவானதா என்று அவன் போட்டுப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை யார் கேட்பது?

சனிக்கிழமை. எல்லோர் தட்டிலும் பன்றிக்கறி வைத்த பன். லோவெல் தொண்டையைச் செருமினான்.

"அம்மா கடைசிவரைக்கும் என்கிட்டதான் மனசுவிட்டுப் பேசுனாங்க. நீங்களே கேளுங்க."

லேப்டாப்பைத் தட்டினான். அம்மா வந்தாள்.

"லோவெல், அம்மாடா. இங்க ஒரே பனி. வாசல்ல கால் வைக்க முடியல..."

காபி உறிஞ்சும் சத்தம். பிறகு, அம்மாவைவிடப் பக்கத்தில், அம்மாவைவிடத் தெளிவாக, லோவெலின் குரல்: "இதுக்கு வேற வேலையே இல்லயா?"

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"நீ அங்கதான் நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். போனை எடு ராஜா."

"ஐயோ, ஆரம்பிச்சாச்சா! வைம்மா போனை!"

பாதிரியார் ஊறுகாய்த் தட்டையே உற்றுப் பார்த்தார்.

"இல்லல்ல... தப்பா நினைக்காதீங்க!" லோவெல் பதறினான். "இது புதன்கிழமை, பதிவு பண்ணும்போது சொன்னது. அம்மா உயிரோட இருக்கும்போது கூப்பிட்டப்போ நான் ஒரு வார்த்தைகூடப் பேசல, சத்தியமா!"

ஒருவரும் மறுக்கவில்லை. நிறுத்தும் பட்டனைத் தேடிய அவன் கையை மார்லிஸ் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, பிடி மட்டும் தளரவில்லை.

"நிறுத்தாதடா. இப்பத்தான் முதல் தடவையா அம்மாவுக்குப் பதில் சொல்றே. உக்காரு. முழுசாக் கேட்டுட்டே போகலாம்."