மெல்லிசுக் கயிறு

“புடி மச்சான், புடி! கம்ப நிமித்திப் புடி. கயித்த இறுக்காத!”

கரைப் பாறையில் நின்ற அமலதாஸ் நீட்டிய தூண்டில் கம்பை ஸ்ரனிஸ்லாஸ் ஓடிவந்து வாங்கினார். வாங்கிய கையோடு அவருடைய வலது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினார். அதுவும் இறங்கியது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிப்போயிருந்த காலம். மேலே பார்த்தால் வெயிலில் வெடித்த கட்டாந்தரை மாதிரி இருக்கும், உள்ளே முழுக்கக் களி. தெரிந்தவன் எவனும் அதில் கால் வைக்கமாட்டான். அவருக்கும் தெரியும். மச்சான் நெஞ்சைப் பிடித்ததைப் பார்த்த பிறகு காலை எங்கே வைக்கிறோம் என்று யார் பார்ப்பது?

அமலதாஸ் பாறையிலிருந்து மெல்லப் பின்பக்கமாக இறங்கி, கரையில் கிடந்த பட்டமரக் கட்டையில் போய் உட்கார்ந்தார். ஸ்ரனிஸ்லாஸ் சட்டைப் பையிலிருந்த குளிசைச் சீசாவை எடுத்துத் தலைக்கு மேலால் பின்பக்கம் எறிந்தார். காலையில் அமலதாஸின் மனைவி தெரேசா அதைத் தன் அண்ணனுடைய பையில் போட்டு, பையின் வாயை ஊசியால் குத்தியே அனுப்பியிருந்தாள்.

“கெடச்சிச்சா?”

“ம்.”

“நாக்குக்கு அடியில வையி. முழுங்கிறாத.”

“தெரியும் மச்சான். நீ மீனப் பாரு.”

பார்க்காமல் வேறென்ன செய்வது? கம்பு குடைக்கம்பி போல வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பியது. அந்தக் கம்பை அவர் ஒரு நாளும் மதித்ததில்லை. அமலதாஸ் ஏரிக்கரை விடுதியில் தோட்ட வேலை பார்த்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது அது. சுண்டுவிரல் பருமன். புழு இல்லை, மாவு இல்லை. தெரேசாவின் சேவல் கழுத்திலிருந்து பிடுங்கிய இறகை நூலால் சுற்றிய, கொசு அளவு கொக்கி. அதைச் சாட்டை மாதிரித் தலைக்கு மேல் வீசி, தண்ணீரின் மேல் பூச்சி விழுவது போல விழ வைக்க வேண்டும். “சேவலக் காட்டி மீனக் கூப்புடுறவன் நீ ஒருத்தன்தான்டா” என்று ஸ்ரனிஸ்லாஸ் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார். உள்ளங்கை அளவு திலாப்பியாவுக்குத்தான் அது சரி. அதில் இன்றைக்கு ஏதோ ஒரு ராட்சசன் வாய் வைத்துவிட்டான்.

ரீல் கிறீச்சிட்டது. கயிறு ஓடியது. ஸ்ரனிஸ்லாஸ் அதைச் சுட்டுவிரலால் அமுக்கிப் பிடித்தார். கயிறு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

“விடு! விடு மச்சான், ஓட விடு!” கட்டையிலிருந்து சத்தம் வந்தது. “மரம் சாய்க்கிற வடமா அது? மெல்லிசுக் கயிறு. மசிர் மாதிரி. இழுத்தா அத்துக்கிட்டுப் போயிரும்.”

“ஓட விட்டா போயிருமே!”

“போகட்டும். போய்க் களைச்சுதுன்னா அதுவா வரும். அது ஓடுறப்ப நீ விடு, அது நிக்கிறப்ப நீ சுத்து. அவ்வளவுதான்.”

பன்வில தோட்டத்தில் மரம் தறித்தே காலத்தைக் கழித்தவர் ஸ்ரனிஸ்லாஸ். கயிறு என்றால் இழுப்பதற்கு. பாரமான பொருள் என்றால் இன்னும் பலமாக இழுப்பதற்கு. இந்தக் கூத்து அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் விரலை எடுத்தார்.

“நான் இத அறுத்து வுட்டுட்டு வர்றேன். வா, ரோட்டுக்குப் போவோம்” என்றார்.

“அறுத்தியானா இந்தக் கட்டைய வுட்டு எழும்ப மாட்டேன். நீதான் தூக்கிட்டுப் போகணும்.”

“வெளாடாத அமலதாஸ். வலி எப்புடி?”

“கொறஞ்சிருச்சு. கை மட்டும் கொஞ்சம் கடுக்குது.” அமலதாஸ் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “ஒரு வருசமாக் கதிரையில ஒக்கார வச்சு சுவரப் பாக்க வுட்டுட்டீங்க. ஒந் தங்கச்சி இந்தக் கம்பத் தூக்கி அலுமாரிக்கு மேல போட்டா. இன்னைக்குத்தான் வெளிய வந்தேன். வந்தன்னைக்கே இது வந்திருக்கு. இது என்னான்னு நான் பாக்கணும் மச்சான். பாத்துட்டு வர்றேன்.”

வெளியே கூட்டிவந்ததே ஸ்ரனிஸ்லாஸ்தான். முதல் தரம் நெஞ்சு வலி வந்தபோது, படி ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. நடக்காத மாடு படுத்துவிடும் என்று தெரேசாவிடம் சண்டை போட்டு அழைத்து வந்திருந்தார்.

“நிஸாமுக்குப் போன்ல கோல் எடு. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற வரைக்கும் இருக்க ஏலாது. இப்பவே வரச் சொல்லு.”

நிஸாம் திகனயில் ஓட்டோ ஓட்டுபவன். காலையில் இறக்கிவிட்டு, பகல் லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தான்.

பின்னால் போனில் பேசுகிற சத்தம் எதுவும் வரவில்லை.

“எடுத்தியா?”

“எடுத்துட்டேன். வந்துக்கிட்டு இருக்கான். நீ மீனப் பாரு.”

ஸ்ரனிஸ்லாஸ் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வானொலியில் மழை என்றால் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். ஃபாதர் பூசை நேரத்தைச் சொன்னால் கோயில் கூட்டுகிறவனிடமும் ஒரு தரம் கேட்பார். அன்றைக்கு இதை மட்டும் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது. கையில் அந்தப் பாரம் துடித்துக்கொண்டிருந்தது.

மீன் இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் அணை கட்டிய காலத்தில் மூழ்கிப்போன மரங்கள், இப்போது தண்ணீர் வற்றியதால் கரிக்கட்டை கரிக்கட்டையாகத் தலை நீட்டி நின்றன. அதற்குள் புகுந்தால் கயிறு சுற்றிக்கொள்ளும்.

“மரத்துக்குப் போகுது மச்சான்!”

“கம்ப… கம்பச் சரி. வலது பக்கம். தண்ணியோட… தண்ணியோட படுக்கப் போடு.”

சரித்தார். இழுக்கவில்லை, சும்மா பாரத்தை மட்டும் வைத்திருந்தார். அடம்பிடிக்கிற மாட்டின் முகத்தைத் திருப்புவது போல, மீனின் தலை மெல்ல, மெல்லத் திரும்பியது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பூஞ்சைக் கம்பா?

“திரும்பிருச்சுடா! பாத்தியா?”

“ம்.”

“நிஸாம் வர்றானா பாரு.”

“ம்.”

மீன் ஓடியது. விட்டார். நின்றது. சுற்றினார். திரும்ப ஓடியது. களி முழங்காலைக் கவ்விப் பிடித்திருந்தது. இடுப்புக்கு மேலேதான் அவர் மனிதன், கீழே நட்டு வைத்த கட்டை. தலையை மட்டும் திருப்பினால் தோளின் ஓரத்தில் அமலதாஸின் ஒரு செருப்பும் கட்டியிருந்த சாரத்தின் விளிம்பும் தெரிந்தன. முழுதாகத் திரும்பினால் கம்பு நேராகிவிடும். கயிறு தொய்ந்தால் கொக்கி கழன்றுவிடும்.

கம்பைப் போட்டுவிடலாம். போட்டுவிட்டுத் தவழ்ந்தாவது போகலாம். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. போட்டால் மச்சான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். முன்பு ஒருமுறை ஒரு சின்ன விஷயத்துக்கு ஒரு தவக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவன். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. கை ருசி கண்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், இந்தப் பக்கத்தில் அவர், நடுவில் மசிர் போல ஒரு கயிறு. அது அறுகிறதா இல்லையா என்பது அவருடைய கையில் இருந்தது. எழுபது வயதில் அப்படி எதுவும் அவருடைய கையில் இருந்ததில்லை.

“அமலதாஸ்.”

மீன் நின்றது. அவர் சுற்றினார்.

“டேய், மீன் களைச்சிருச்சு. வருது.”

தண்ணீருக்கு மேலால் ஒரு கொக்கு பறந்து போனது. ரோட்டுப் பக்கமிருந்து ஓட்டோ சத்தம் கேட்கவில்லை.

“பேச மாட்டியா? பேசாத. மீனக் கொண்டாந்து காட்டுறேன், அப்பப் பேசு.”

அதற்குப் பிறகு அவர் தலையைத் திருப்பவில்லை. திருப்பலாம். கடைக்கண் அளவுக்குத் திருப்பினால் செருப்பு தெரியும். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடும்போது விட்டார், நிற்கும்போது சுற்றினார். சொல்லிக்கொடுத்தவன் சொன்னபடியே, ஒரு பிழையும் இல்லாமல். விரலிலிருந்து ரத்தம் ரீலில் இறங்கியது. பின்பக்கத்து நிசப்தம் முதுகில் ஒரு ஆள் சாய்ந்திருப்பது போலப் பாரமாக இருந்தது.

மீன் பக்கவாட்டில் புரண்டு வெளியே வந்தது. கெண்டை. செதிள் ஒவ்வொன்றும் வெற்றிலை அளவு, வெயிலில் வெண்கலமாக மின்னியது. அவ்வளவு பெரிய மீனை அவர் சந்தையில்கூடப் பார்த்ததில்லை. உதட்டின் ஓரத்தில் தெரேசாவின் சேவல் இறகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து, செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கினார். கைக்குழந்தையின் பாரம். கொக்கியைத் தொட்டதும் தானாகவே கழன்று விழுந்தது. இவ்வளவு நேரம் அது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றே தெரியவில்லை.

“வந்துருச்சு மச்சான்” என்றார் தண்ணீரைப் பார்த்தபடி.

பிறகு மல்லாந்து சாய்ந்து, கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். செருப்பு இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலால் தவழ்ந்து கட்டையிடம் போனார்.

அமலதாஸ் கட்டையில் முதுகைச் சாய்த்துத் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தார். தலை தொங்கி நாடி நெஞ்சில் படிந்திருந்தது. கண் திறந்து ஏரிப்பக்கமே பார்த்தது.

“பாரு” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். மீனைத் தூக்கிப் பிடித்தார். “இந்தா, பாரு.”

மீனைக் கீழே போட்டுவிட்டுத் தோளை உலுக்கினார். உள்ளங்காலைத் தேய்த்தார். நெஞ்சைத் தேய்த்தார். மச்சானின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலெல்லாம் சேறும் ரத்தமும். கண்ணாடியைத் தடவத் தடவ அது ஒளிர்ந்தது, அணைந்தது, ஒன்றும் நடக்கவில்லை. கத்தினார். எதிர்க்கரை மலை அவர் குரலையே திருப்பி அனுப்பியது. மச்சானின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மீன் இல்லை. புரண்டு புரண்டு தண்ணீருக்குப் போன தடம் மட்டும் சேற்றில் இருந்தது. அதில் நீர் ஊறிக்கொண்டிருந்தது.

தூரத்தில் பாங்கு சொல்லி, அதற்கும் வெகுநேரத்துக்குப் பிறகுதான் நிஸாம் வந்தான். பார்த்ததும் வாய்க்குள் ஏதோ ஓதினான்.

“கோல் எடுத்தப்பவே வந்திருந்தா…” என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

“கோலா? எனக்கு ஒரு கோலும் வரல்லயே ஐயா. போன் கையிலதான் இரிந்திச்சி.”

ஸ்ரனிஸ்லாஸ் மச்சானின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “காலப் புடி தம்பி, தூக்குவோம்” என்றார்.

மறுநாள் மலர்ச்சாலையிலிருந்து அமலதாஸைக் கிடத்திய சவப்பெட்டி வந்தது. முன் அறையில் வெள்ளைத்துணி கட்டி, தலைமாட்டில் சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரிகளும் வைத்திருந்தார்கள். வாசலில் நிஸாம் கதிரைகளை இறக்கி விரித்துக்கொண்டிருந்தான். ஸ்ரனிஸ்லாஸ் வெறுங்காலோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை.

அமலதாஸின் மகள் ஜெஸ்மின், தகப்பனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மாமா, இதுல இருந்து ஒரு கோலும் போகல. வலி வந்தா ஒடனே எனக்கு அடிக்கணும்னு அப்பாக்கிட்ட சொல்லித்தானே வச்சிருந்தேன். ஏன் மாமா அடிக்கல?”

“அங்க சிக்னல் இல்ல புள்ள.”

கதிரை விரித்துக்கொண்டிருந்த நிஸாமின் கை நின்றது. அந்தக் கரையிலிருந்து எத்தனை பேரோடு பேசியிருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்து ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்தான். பிறகு அடுத்த கதிரையை எடுத்தான்.

“நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, அண்ணே?” தெரேசா கேட்டாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

“காலு சேத்துல மாட்டிக்கிச்சு தெரேசா.”

“ரெண்டு காலுமா?”

“ரெண்டும்.”

வந்திருந்தவர்களில் யாரோ, கம்பைக் கொண்டுபோனார்களே, மீன் ஏதும் பட்டதா என்று மெல்லக் கேட்டார்கள்.

“இல்ல” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். “ஒண்ணும் படல.”

தெரேசா செபமாலையை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு மேல் குனிந்தாள். கணவனின் கைகளைச் சேர்த்து விரல்களை அடுக்கினாள். வலது சுட்டுவிரலின் உள்பக்கம் மெல்லிய வெட்டு ஒன்று, நூல் பிடித்தது போல. அதைத் தடவினாள். பிறகு தலையைத் திருப்பாமலே அண்ணனின் கையைப் பார்த்தாள். அது பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதே விரல், அதே இடம். ஸ்ரனிஸ்லாஸ் கையை எடுக்க நினைத்தார். எடுக்கவில்லை.

தெரேசா கணவனின் கைப்பக்கமே திரும்பினாள். வெட்டு மறைகிற மாதிரி அந்த விரலில் செபமாலையைச் சுற்றினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவதை இழுத்தாள். மணிகள் தோலுக்குள் பதிந்தன.

“இறுக்காத தெரேசா” என்றார் அவர். “கொஞ்சம் விடு.”

அவள் கை நின்றது. பிறகு ஒரு சுற்றை அவிழ்த்தாள். சிலுவை நழுவி வெள்ளைச் சட்டையின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.