முப்பத்துநான்கு மெயில்கள்

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சின்னபொண்ணு அவர்களுக்கு" என்று தொடங்கிய மெயில் என் செல்போனுக்கு வந்தபோது நான் திண்டிவனத்து வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக்கையோடு எட்டிப் பார்த்தேன். அடுத்தது மாசிலாமணி. அதற்கடுத்து இசைவாணி. அரை மணி நேரத்துக்கு முன் நானே அனுப்பிய மெயில்தான். அது ஒவ்வொன்றாக எனக்கே வந்துகொண்டிருந்தது.

விழுப்புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள் நான். போன தீபாவளிக்கு முதலாளி ராஜசேகர் புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். மெயில் முகவரி கொடுக்காவிட்டால் அது அடுத்த பக்கத்துக்கு நகராது. கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிவிட்டு அப்படியே பஸ் ஏறி வருகிறவரிடம் மெயில் ஐடி கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுவார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் மெயில் இல்லாதவர்களுக்கெல்லாம் என் முகவரியையே போட்டுவந்தேன். கடை யாருக்கும் ஒரு மெயில்கூட அனுப்பியதில்லை என்பதால் அது அப்படியே மறந்தும் போனது. இன்று வீட்டிலிருந்தே செல்போனில் அந்த சாஃப்ட்வேரைத் திறந்து, எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தியபோதாவது ஞாபகம் வந்திருக்கலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொரோனா ஊரடங்கு தொடங்கி மூன்றாம் நாள் அது. கடையில் கண் பரிசோதிக்கும் சுகுமாருக்குத் தொற்று என்று முந்தின நாள்தான் தெரிந்தது. கண் பார்ப்பது எட்ட நின்று செய்கிற வேலையா? முகத்துக்கு நேரே முகம் வைத்து, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கடை மூடுவதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் இருமிக்கொண்டுதான் இருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார், நாங்களும் நம்பினோம். அந்த ஆறு நாளில் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

அவர்களுக்கு அனுப்பச் சொல்லி ராஜசேகர் வாட்ஸப்பில் எழுதி அனுப்பிய மெயிலில், கடைக்கு மருந்து அடித்த செய்தி முதல் வரியில் இருந்தது. ஃபிரேமுக்குத் தள்ளுபடி கடைசி வரியில் இருந்தது. நோய் மட்டும் நடுவில் எங்கேயோ 'தற்போதைய சூழல்' என்று ஒளிந்துகொண்டிருந்தது. நான் போனில் சண்டை போட்டேன். எந்தத் தேதியில் வந்தவர்கள், என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்ல வேண்டும் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். சுகுமார் பெயரைப் போடாமல், நாலே வரியில், யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அந்த அழகான மெயில் நாற்பத்தொன்றில் முப்பத்துநான்கு என் மடியிலேயே வந்து விழுந்தன.

ராஜசேகருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மெயில் போச்சா இல்லையா?"

"போச்சி சார். எனக்குத்தான் போச்சி."

"ஹெல்த் டிபார்ட்மெண்ட்டுலருந்து கேட்டாங்க. வந்தவங்க எல்லாருக்கும் சொல்லியாச்சின்னுட்டேன். அனுப்புனதுக்கு ரெக்கார்டு இருக்குது, அது போதும். நீ ஊரெல்லாம் போன் பண்ணிக்கினு பேஜாரு பண்ணாத ஷாலினி. அப்புறம் நம்ம கடைப் பக்கம் எவன் வருவான்? உனக்கும் வேலை வேணும்ல?"

வேண்டும்தான். ஆனால் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்றால் இனி அந்த முப்பத்துநான்கு பேரை யாரும் தேடப் போவதில்லை. விஷயம் முதலாளிக்கும் எனக்கும்தான் தெரியும், அவர்களுக்கே தெரியாது. எனக்கே தொண்டை அரிப்பது போல இருந்தது. சுகுமாருக்குத் தினமும் டீ கொடுத்தவள் நான்தானே.

கடைசியாக வந்த மெயில் கெடார் கிராமத்து அரங்கநாதனுக்கு. எழுத்து தெரியாத மனிதர் என்பதால் படம் போட்ட அட்டையைக் காட்டி அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்தார் சுகுமார். அரங்கநாதனின் மனைவி வடிவு அதுவரை என் மேசையருகே உட்கார்ந்திருந்தார். இளைப்பு நோய்க்காரர். மஞ்சள் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை உறிஞ்சினார்.

"படுத்தாதாம்மா ரொம்ப இழுக்குது. அவருதான் பக்கத்துலயே குந்திக்கினு முதுவ நீவி வுடுவாரு" என்று அன்றைக்குச் சொன்னார்.

வேலை போனால் போகட்டும் என்று முதல் போனை அங்கேதான் போட்டேன். அந்த மாதம் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் கொரோனா எச்சரிக்கைப் பதிவில் ஒரு இருமல் கேட்கும், பிறகு கை கழுவச் சொல்லும் ஒரு குரல். அதெல்லாம் முடிந்து மணி அடித்தது. வடிவுதான் எடுத்தார்.

"கண்ணாடிக் கடையிலருந்து ஷாலினி பேசறேங்க."

"கண்ணாடி வந்துடுச்சாம்மா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். "பஸ்ஸு வுட்டதும் வந்து வாங்கிக்கிறோம். அவருக்கு ரெண்டு நாளா ஒடம்பு அனலா கொதிக்குது. நாந்தான் பக்கத்துலயே குந்திக்கினு கஞ்சி குடுத்துக்கினு இருக்கேன்."

அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். போனில் வரும் இருமல் எப்போதோ முடிந்திருந்தது.

"அம்மா, நீங்க மொதல்ல அவர உட்டு கொஞ்சம் தள்ளி வாங்க" என்றேன்.

"ஏம்மா?"

மெயிலில் எழுதிய நாலு வரியும் மனப்பாடமாகத் தெரியும், ஆனால் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் பக்கம் வடிவுக்கு மூச்சு இழுத்தது. பையைத் துழாவும் சரசரப்பு கேட்டது. அப்புறம் இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தும் சத்தம்.