எல்லோரும் சேர்ந்து போட்ட கணக்கு

எங்கள் பள்ளிக்கூடத்தைச் சீர்திருத்தப் போகிறோம் என்று மேலிடம் அறிவித்தது. ஒழுகும் கூரையைத்தான் சொல்கிறார்கள் என்று நான் அவசரப்பட்டு சந்தோஷப்பட்டேன். வந்திறங்கியவை டேப்லெட்டுகள். பிள்ளைகள் குழுக் குழுவாக உட்கார வேண்டும்; ஒரு பிள்ளை எழுதுவது அந்தக் குழுவில் எல்லோர் திரையிலும் தெரியும். யார் எவ்வளவு ஒத்துழைத்தார்கள் என்று பார்த்து மென்பொருளே மதிப்பெண் போட்டுவிடும். கணக்கு டீச்சரான எனக்கு மிச்சமிருந்த வேலை, அவற்றுக்குச் சார்ஜ் போடுவது.

அண்ணன் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். கணக்கென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். வீட்டில் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த வருடம் கணக்குக்கென்றே தொடங்கும் தனி வகுப்பில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று தவமிருந்தாள். அந்த இடத்தையும் இந்த மதிப்பெண்தான் தீர்மானிக்கும்.

முதல் தேர்வில் மளமளவென்று போட்டு முடித்தாள். அவள் குழுவினர் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்து, திரையில் வந்ததை அப்படியே இறக்கினார்கள். நடுநடுவே ஆளுக்கொரு 'சூப்பர்' வேறு. அவர்களுக்கு முழு மதிப்பெண். அவளுக்கு முட்டை. பிறர் உதவியை நாடவில்லை என்று ஒரு குறிப்பும் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தலைமையாசிரியரிடம் போய் நியாயம் கேட்டேன்.

"மெஷினுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு உண்டா, டீச்சர்? உங்க அண்ணன் பொண்ணைக் கொஞ்சம் நாலு பேரோட ஒத்துப்போகச் சொல்லுங்க" என்றார்.

அண்ணனிடம் சொன்னால் சண்டைக்குக் கிளம்புவான் என்று நினைத்தேன். அவனோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மகளுக்கு ராத்திரி பகலாக ஓதினான்.

அடுத்த தேர்வில் கணக்குப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழு அவளைப் பார்த்தது. அவள் குழுவைப் பார்த்தாள். நீ போடு, இல்லை நீ போடு என்று திரை முழுக்க உபசாரம். மணி அடிக்கும்வரை ஓர் எண்கூட விழவில்லை. மென்பொருளுக்கு ஒரே பூரிப்பு. இத்தனை பேச்சு, ஒரு கருத்து வேறுபாடு இல்லையே. எல்லோருக்கும் முழு மதிப்பெண். விடையைப் பார்ப்பதெல்லாம் அடுத்த பதிப்பில்தான் வருமாம்.

தனி வகுப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. அண்ணன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் மட்டும் மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க போனா கணக்கு போடலாமா, அத்தை?"

அந்த வகுப்புக்கான டேப்லெட்டுகள் அன்று காலையில்தான் வந்திருந்தன. அவற்றுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.