நூறு கோடியே எட்டு

மும்பை மாட்டுங்கா ஒற்றுமைச் சபை இதுவரை மூன்று முறை உடைந்திருக்கிறது. கடைசியாகப் பிரிந்த கோஷ்டி காட்கோபரில் போட்டிச் சபை தொடங்கியது. காரணம், ஆண்டுவிழா சாம்பாரில் வெல்லம். இனி உடையவே கூடாதென்று தலைவர் வெங்கடேஸ்வரன் ஒரு வழி கண்டார். எதனாலும் வகுபடாத ஒரு பெரிய எண்ணைக் கருங்கல்லில் பொறித்து வாசலில் பதிப்பது.

எண்ணைக் கொடுக்கும் பொறுப்பு சாதனாவுக்கு. சபையின் மாடியறையில்தான் அவள் பதினான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். போர்டு பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. எண்ணும், அது வகுபடாது என்ற சான்றிதழும் வராவிட்டால் அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டுமென்று தலைவர் லெட்டர்ஹெட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கமிட்டி கூடியது. சாதனா பலகையில் எழுதினாள்: 1000000007.

"நூறு கோடியே ஏழு. பகா எண் மாமா. ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது."

தலைவர் இலக்கங்களைக் கூட்டினார். முகம் கறுத்தது.

"ஒண்ணும் ஏழும் எட்டு. சனி! ஏம்மா, வாசல்ல சனியைக் கொண்டுவந்து உக்காத்தறயே? என் கார், ஃபோன், ஃபிளாட் நம்பர் எல்லாம் கூட்டினா ஒம்போது. இதுவும் ஒம்போதுதான் வரணும்."

"கூட்டி ஒம்போது வந்தா அந்த நம்பர் ஒம்போதாலயே வகுபட்டுடும் மாமா. எத்தனை பெரிசா இருந்தாலும்."

"அதெல்லாம் ஸ்கூல் கணக்கு" என்றார் செயலாளர் சந்திரமௌலி. "ஒண்ணு ஏத்திப் போடேன். நூறு கோடியில ஒண்ணு யாருக்குத் தெரியப்போறது? கொஞ்சம் அனுசரிச்சுக்கோ, தோடா அட்ஜஸ்ட் கர்லோ!"

ஏற்றினார்கள். 1000000008. 'இவ்வெண் எதனாலும் வகுபடாது' என்ற தீர்மானம் ஏழுக்கு நாலு என்று நிறைவேறியது. எதிர்த்த நால்வருக்கும் கணிதத்தில் ஆட்சேபமில்லை, கல்லின் நிறத்தில்தான்.

"சர்டிஃபிகேட் எழுது" என்றார் தலைவர்.

இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்று கேட்டவருக்கெல்லாம் வகுபடும் எண். பொய் எழுதினால் மாடிப் பிள்ளைகளே வாசலில் நின்று சிரிப்பார்கள்.

"சபையில எத்தனை மெம்பர் மாமா?"

"எழுபத்திரண்டு."

வகுத்துப் பார்த்து எழுதினாள்: 'இந்த எண்ணை எழுபத்திரண்டு உறுப்பினர்களுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1,38,88,889. மிச்சம் இராது.'

தலைவர் உரக்கப் படித்தார். பாதியில் குரல் இறங்கியது.

"எனக்கும் சந்திரமௌலிக்கும் ஒரே பங்கா?"

"ஏன், எனக்கென்ன கொறைச்சல்?" என்று எழுந்தார் சந்திரமௌலி.

"நான் ஸ்தாபகர்டா!"

"ஸ்தாபகருக்குத் தனி நம்பர் போட்டுக்கோங்கோ!"

ஞாயிற்றுக்கிழமைக்குள் சந்திரமௌலி கோஷ்டி வாசலில் பதிக்கவிருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்குப் போய்விட்டது. போனவர்கள் முப்பத்தாறு பேர், இருந்தவர்கள் முப்பத்தாறு பேர். எண் இரு தரப்புக்கும் மிச்சமில்லாமல் வகுபட்டது.

சாவி சாதனாவிடமே இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை எந்தச் சபைக்கு என்று இன்னும் தீர்மானமாகவில்லை.