ஆமைக் காசு

அன்று தேயிலைத் தோட்டத்து அந்த லயத்து வீட்டில் இருந்தவர்கள்: செத்துப்போன வெள்ளத்தாய், அவளுடைய மூத்த மகன் மொக்கையன், இளைய மருமகள் பூமாரி, அடுத்த வீட்டுச் செபமாலையம்மாள். வராதவன் ஒருவன். பூமாரியின் புருஷன் வேலாண்டி.

கொச்சியில் கப்பலேறிச் சமையல்கட்டு வேலைக்குப் போனவன் அவன். போன வருஷம் வண்டிப்பெரியாருக்கு வந்த ஒரு கூட்டாளி கையில் ஒற்றைக் காசு கொடுத்தனுப்பினான். செஷல்ஸ் என்று ஒரு தீவாம். வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்ட நினைவுக்கு அடித்த வெள்ளிக்காசாம். ஒரு பக்கம் யாரோ ஒருவர் தலை, மறுபக்கம் துடுப்புக்கால் விரித்த கடலாமை. எப்போது வருவேன் என்று சொல்லியனுப்பவில்லை.

பூமாரி அதை மடியில் முடிந்துகொண்டுதான் கொழுந்து கிள்ளினாள். மழையில் கை விறைத்தால் தொட்டுப் பார்ப்பாள். அதுவும் சில்லென்றுதான் இருக்கும். ஆனாலும் தொடுவாள்.

மொக்கையனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்பான். தாய் படுக்கையில் விழுந்தது, தம்பி திரும்பாதது, பசு செத்தது எல்லாம் அதன் வேலைதான். பசு செத்தது காசு வருவதற்கு முன்னால் என்று செபமாலையம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

“கப்பல்ல ஏறும்போதே தோசம் கிளம்பிருச்சு மதினி” என்றான்.

இப்போது அவனுக்கு வழி கிடைத்தது. பிணத்தின் நெற்றியில் ஒட்டும் காசு குழியோடு போய்விடும், வீடு திரும்பாது. ஆமையை ஒட்டச் சொல்லிவிட்டுப் பாடை கட்டப் போனான். பூமாரி சந்தனம் குழைத்து ஒரு சாதா ரூபாயை ஒட்டினாள். செபமாலையம்மாள் பார்த்தாள். பிணத்தின் கழுத்து மாலையை நெற்றிவரை இழுத்துவிட்டாள்.

கடைசியாக முகம் பார்க்கக் குனிந்த மொக்கையன் மாலையை விலக்கினான். சிங்கத்தலை தெரிந்தது.

“ஆமை எங்க?”

“மடியில.”

“எடுத்து வை. இல்லன்னா அதோட நீயும் வெளிய போ. லயம் எம் பேர்ல இருக்கு.”

பூமாரி வாசலைப் பார்த்தாள். வேலாண்டிக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். அவன் போனதிலிருந்து அதைத் தாழிடாமல்தான் படுத்தாள்.

“குடுத்துரு தாயி. உம் புருசன் வந்தா இங்கதான வருவான்” என்றாள் செபமாலையம்மாள்.

“வந்தது இது மட்டுந்தான்க்கா.”

மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாற்றுச் சேலைகூட எடுக்காமல் படியிறங்கினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு சாத்தக்கூடாது என்று செபமாலையம்மாள் சொல்வது கேட்டது. அதற்கு மேல் தாழ்ப்பாள் விழுந்தது.